நீல மண்டபத்தில் மிஸ் நாகா

ஸ்டாக்ஹோம் நகரசபைக் கட்டடத்தின் முன்னால் பஸ் வந்து நின்றதும் முதலில் குதித்தவள் நாகலக்ஷ்மிதான். டிரைவர் கதவை முழுசாகத் திறந்து முடிக்கக்கூட இல்லை. ஐம்பது தாண்டிய உடம்பு, தோளில் தண்ணீர் பாட்டிலும் புளியோதரை டப்பாவும் அடைத்த பை, கழுத்தில் தொங்குகிற கறுப்புக் கண்ணாடி. இத்தனையோடும் அவள் இறங்கிய வேகத்தை அமெரிக்காவில், டெக்ஸஸின் கேட்டி ஊரில் அவளிடம் பிசிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் பார்த்திருந்தால் விசிலடித்திருப்பார்கள்.

"மெதுவா, நாகு. கட்டடம் எங்கயும் ஓடிடாது," என்றபடி பின்னால் இறங்கினார் அவள் கணவர் ராமசுப்ரமணியன்.

கட்டடம் ஓடவில்லை. ஏரித் தண்ணீரின் ஓரத்தில், சிவப்புச் செங்கல்லில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. ஒரு மூலையில் உயரமான கோபுரம். அதன் உச்சியில் மூன்று தங்கக் கிரீடங்கள் ஜூன் மாத வெயிலில் பளபளத்தன. வருஷக்கணக்காக லாப்டாப் திரையில் உள்ளங்கை அகலத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்த கட்டடம், இப்போது அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் எதிரே நிற்கிறது. நாகலக்ஷ்மிக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இதுக்குள்ளதான்," என்றாள்.

"இதுக்குள்ளயா?" என்றார் அவர். அவரும் அண்ணாந்து பார்த்தார்.

"டீச்சர், சீக்கிரம் ஃபோட்டோ எடுத்துக்குங்க. பத்து நிமிஷம்தான், அப்புறம் அரண்மனை," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது.

குரலுக்குச் சொந்தக்காரர் நெடுஞ்செழியன். விருதுநகர்க்காரர், ஹூஸ்டனில் எண்ணெய்க் கம்பெனி வேலை, வீடு கேட்டியில் நாகலக்ஷ்மி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அவருடைய மூத்த பையன் நாகலக்ஷ்மியின் வகுப்பில் படித்தவன், அதனால் அவருக்கு அவள் என்றைக்கும் டீச்சர். கோடை விடுமுறை வந்தால் கேட்டியின் தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டைத் திரட்டி எங்காவது கப்பல் பயணம் அழைத்துப் போவது அவருடைய பொழுதுபோக்கு, தொண்டு, வியாதி எல்லாம். இந்த வருஷம் பால்டிக் கடல். செல்ஃபி குச்சியில் ஆரஞ்சு நிறத் துண்டு ஒன்றைக் கட்டிக் கொடி மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். கொடிக்குப் பின்னால் குடும்பங்கள் நடக்கும். தலை எண்ணுவார். குறைந்தால் குரல் கொடுப்பார். போன வருஷம் அலாஸ்காவில் ஒரு குடும்பம் ஸ்வெட்டர் வாங்கப் போய்க் கப்பலைத் தவறவிட்டுவிட்டது. கண்ணெதிரே கப்பல் போவதைக் கரையில் நின்று பார்த்தார்கள் பாவம். அன்றிலிருந்து ஒரே சட்டம்: யாரும் கூட்டத்தை விட்டுத் தனியாகப் போகக் கூடாது.

"செழியன், உள்ள போகமாட்டோமா?" என்று கேட்டாள் நாகலக்ஷ்மி.

"உள்ள நம்ம பேக்கேஜ்ல இல்ல டீச்சர். உள்ள என்ன இருக்கு, மீட்டிங் ஹால்தான். மத்தியானம் வாசா கப்பல் மியூசியம் போறோம்ல, அதுதான் ஹைலைட். நானூறு வருசத்துக் கப்பல், முதல் பயணம் கிளம்பின அன்னைக்கே முழுகிருச்சு. அதைத் தூக்கி வச்சிருக்கான்."

மீட்டிங் ஹாலாம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒருத்தருக்கு மூலஸ்தானமாக இருப்பது இன்னொருத்தருக்கு மண்டபம், மூன்றாவது ஆளுக்கு நிழல்.

நாகலக்ஷ்மிக்கு அது மூலஸ்தானம். நோபல் பரிசு வாங்கியவர்களுக்கு வருஷா வருஷம் டிசம்பரில் விருந்து நடப்பது இந்தக் கட்டடத்தின் நீல மண்டபத்தில்தான். அகலமான கல்படி ஒன்று மேல்தளத்திலிருந்து மண்டபத்துக்குள் இறங்குகிறது. ராஜாவும் ராணியும் பரிசு பெற்றவர்களும் அதில் ஜோடி ஜோடியாக இறங்கிவருவார்கள்.

மதுரையில் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்த வருஷம் நாகலக்ஷ்மிக்குப் பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அதே மாதம் ராமசுப்ரமணியனின் ஜாதகமும் வந்தது. பொருத்தம் அமோகம், மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் வேலை, விசா தயார். வீட்டில் யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் அவளை ஒன்றும் கேட்கவும் இல்லை. ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் பக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை அபார்ட்மென்ட். கணவர் மன்ஹாட்டன் வங்கி வேலைக்கு ரயிலேறிப் போனதும், வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவை வைத்துக்கொண்டு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்கார்ந்திருந்த முதல் டிசம்பரில்தான் டிவிச் செய்தியில் அந்தப் படியைப் பார்த்தாள். நீள கவுன் போட்ட ஒரு கிழவி, கைத்தடியில்லாமல், தலையை நிமிர்த்திக்கொண்டு இறங்கி வந்தாள். நாகலக்ஷ்மி குக்கரை மறந்துவிட்டாள். பருப்பு அடிப்பிடித்தது.

அதற்கப்புறம் எத்தனையோ நடந்தது. மகள் அனன்யா பிறந்தாள். டெக்ஸஸுக்கு மாறினார்கள். கிரீன் கார்டு வந்தது. வந்த கையோடு நாகலக்ஷ்மி ஆசிரியர் தேர்வு எழுதி, கேட்டியில் ஹைஸ்கூல் பிசிக்ஸ் டீச்சர் ஆனாள். பிள்ளைகள் "மிஸ் நாகா" என்பார்கள். அக்டோபரில் பிசிக்ஸ் பரிசு அறிவிக்கிற அன்று விடிவதற்கு முன்னால் எழுந்து, காப்பியோடு உட்கார்ந்து நேரலையில் பார்ப்பாள். பரிசு ஏதோ தன் ஒன்றுவிட்ட அத்தானுக்குக் கிடைத்த மாதிரி பள்ளிக்குப் பறப்பாள். அன்றைக்கு வகுப்பில் வேறு பாடம் கிடையாது. அந்த ஆராய்ச்சியைப் பலூனும் பென்சிலும் ரப்பர் பேண்டும் வைத்துப் பிள்ளைகளுக்குப் புரியவைத்துவிட்டுத்தான் ஓய்வாள்.

பெங்களூர் இடத்தைப் பற்றி மட்டும் அவளும் கணவரும் ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை. அவர் மறந்திருப்பார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதில் அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கார் இன்ஸ்பெக்‌ஷன் தேதியையே வருஷா வருஷம் மறக்கிற மனுஷர்.

ஆக, அவள் ஆசை இவ்வளவுதான்: அந்தப் படியில் ஒரு தடவை மேலிருந்து கீழே இறங்கிவர வேண்டும். சாயங்காலம் கப்பல் கிளம்பிவிடும். நாளைக்கு ஹெல்சிங்கி. கிடைத்தால் இன்றைக்கு, இல்லாவிட்டால் இல்லை.

ஆரஞ்சுத் துண்டு பஸ்ஸை நோக்கி நகர்ந்தது. கூட்டமும் நகர்ந்தது. நாகலக்ஷ்மி கடைசியாக ஏறினாள்.

அரண்மனையில் காவலர்கள் மாறும் நேரம். வெள்ளித் தலைக்கவசமும் நீல உடுப்புமாக வரிசையாக வந்தார்கள், பாண்டு வாத்தியம் முழங்கியது, குதிரைகள் டக்டக்கென்று கல்தரையில் அடி வைத்தன. எல்லாரும் வீடியோ எடுத்துக்கொண்டிருக்க, நாகலக்ஷ்மி ஒரு தூணோரமாக ஒதுங்கி மகளைக் கூப்பிட்டாள். அனன்யா இப்போது வேலைக்காக மறுபடி ஜெர்சி சிட்டியில் இருக்கிறாள். ஜிம்முக்குப் போகிற பெண், அங்கே விடிகிறபோதே எழுந்துவிடுவாள்.

"அனு, டவுன் ஹால் உள்ள டூர் இருக்கான்னு பாரேன். சும்மா பாரு, போறேன்னு சொல்லலை."

அனன்யா தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். கொஞ்ச நேரம் விரல் தட்டும் சத்தம் மட்டும் வந்தது. "டன். டூ டிக்கெட்ஸ், டூ ஓ க்ளாக், இங்லிஷ் டூர். யூ அண்ட் அப்பா."

"ஐயோ, பாருன்னுதானேடி சொன்னேன். குரூப்ல என்ன சொல்லுவா?"

"வாட் ஆர் தே கோயிங் டு டூ, அம்மா? லீவ் யூ இன் ஸ்வீடன்?"

டிக்கெட் வந்துவிட்டது. நாகலக்ஷ்மிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கணவரிடம் காட்டினாள். அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"குரூப்போட வந்துட்டு நாம மட்டும் தனியாப் போனா நன்னாவா இருக்கும்? செழியன் என்ன நெனச்சுப்பார்?"

ஊரோடு ஒத்து வாழ் என்பதை வேதமாக வைத்திருப்பவர் அவர். நாகலக்ஷ்மியும் அதற்குச் சளைத்தவள் இல்லை. கேட்டியில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்து என்றால் வடை, பாயசம், பிரியாணி என்று ஆளாளுக்குப் பேர் கொடுத்த பிறகு மிஞ்சுகிற தயிர்சாதமும் பேப்பர் ப்ளேட்டும் அவள் பங்கு. பொங்கல் விழாவில் யாரும் எடுக்காத பார்க்கிங் வேலை இவர் பங்கு. ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை இருவரும்.

"சாப்பிடறப்போ நானே கேக்கறேன்," என்றாள்.

அரண்மனைக்குப் பின்னால் பழைய நகரம். காவியும் மஞ்சளுமாக வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. ஊரிலேயே குறுகலான சந்து ஒன்றுக்கு நெடுஞ்செழியன் எல்லாரையும் அழைத்துப் போனார். இரண்டு கையையும் விரிக்க முடியாத சந்து, அதிலும் படிக்கட்டு. கொடியும் தொப்பையுமாக அவர் நேராக நுழைந்து, பாதியில் யோசித்து, பக்கவாட்டில் திரும்பி, நண்டு மாதிரி மேலே ஏறினார். நாகலக்ஷ்மி சிரித்த சிரிப்பில் பின்னால் வந்த ஜப்பான்காரர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். அவளுக்கு அன்றைக்கு எதைப் பார்த்தாலும் பிடித்தது. கதவுப் பிடி பிடித்தது, சாக்கடை மூடியில் போட்டிருந்த வேலைப்பாடு பிடித்தது. உள்ளுக்குள் மட்டும் ரெண்டு மணி, ரெண்டு மணி என்று ஒரு மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சந்து முடிந்து ஒரு சின்ன முற்றம். அங்கே பெயர் வாயில் நுழையாத ஒரு பழைய தேவாலயம். நாகலக்ஷ்மி வாசலில் நின்றாள், குனிந்தாள், ஷூவைக் கழற்றினாள். ஜோடியாகச் சேர்த்து, உள்ளே காலுறையைச் சுருட்டி வைத்து, சுவரோரமாக அழகாக நிறுத்தினாள்.

"எல்லாரும் ஷூவோடதான் போறா, பாரு," என்றார் கணவர்.

"அவா போகட்டும். சாமி இருக்கற இடம்."

ஹூஸ்டனுக்குத் தெற்கே மீனாட்சி கோவிலுக்குப் போய்ப் போய்ப் பழகிய கால் அது. கோபுரமோ தேவாலயத்து ஊசிமுனையோ, உள்ளே சாமி என்றால் தானாகக் கழன்றுவிடும். உள்ளே குளுகுளுவென்று கல்தரை. மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. நாகலக்ஷ்மியும் ஒன்று ஏற்றினாள். இரண்டு மணிக்கு அந்த வாசலில் நான் நிற்க வேண்டும் என்று வெட்கமில்லாமல் வேண்டிக்கொண்டாள்.

வெளியே வந்தால் ஷூ இல்லை.

பயணத்துக்கென்றே வாங்கிய புது ஷூ. சுவரோரம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நெடுஞ்செழியன் உடனே களத்தில் இறங்கிவிட்டார். இரண்டு பேரை இந்தச் சந்துக்கு, இரண்டு பேரை அந்தச் சந்துக்கு அனுப்பினார். தானே குப்பைத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். தேவாலயத்தில் மெழுகுவத்தி விற்கும் அம்மாள் வெளியே வந்து விசாரித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். இவ்வளவு நேர்த்தியாக அடுக்கி வைத்திருந்தால், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று யாரோ விட்டுப்போனதாக நினைத்திருப்பார்கள் என்றாள். தாறுமாறாக உதறிவிட்டுப் போயிருந்தால் தப்பித்திருக்கும். நல்ல வளர்ப்பு சமயத்தில் இப்படித்தான் காலை வாரிவிடும்.

தேடலில் நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் நெடுஞ்செழியன் கையைத் தட்டினார்.

"ஓகே, கிடைக்காது. டீச்சர், நீங்க கவலைப்படாதீங்க. மெயின் ரோட்டுல ஷூ கடை இருக்கு. எல்லாரும் சேர்ந்து போவோம், வாங்குவோம், பக்கத்துலயே சாப்புடுவோம், அப்படியே வாசா மியூசியம். இவ்வளவுதான் மேட்டர்."

எல்லாரும் தலையாட்டினார்கள். நல்ல மனசோடு சொன்ன நல்ல யோசனை. அந்த நல்ல யோசனைக்குச் சரியென்றால் நீல மண்டபம் போயிற்று. நாகலக்ஷ்மி வெயிலில் சூடேறிய கல்தரையில் வெறுங்காலோடு நின்றாள். பாட்லக்கில் என்ன கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டால் கடைசியில் வாய் திறக்கிறவள், இப்போது முதலில் திறந்தாள்.

"செழியன், எனக்கு ஷூ வேண்டாம். நான் டவுன் ஹாலுக்குப் போறேன். ரெண்டு மணிக்கு டிக்கெட் வாங்கியாச்சு."

நெடுஞ்செழியனுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "வெறுங்காலோடயா டீச்சர்?"

"பழனிக்கு நடக்கறவா எல்லாம் ஷூ போட்டுண்டா நடக்கறா?"

"அதில்ல டீச்சர், ரூல் இருக்குல்ல. கப்பலை விட்டுட்டா என்ன பண்ணுவீங்க?"

"விட்டா ஹெல்சிங்கிக்கு வந்து சேர்ந்துக்கறேன். உங்களை ஒரு வார்த்தை குத்தம் சொல்லமாட்டேன்."

தயிர்சாதமா இப்படிப் பேசுகிறது என்பதுபோல் எல்லாரும் பார்த்தார்கள். நாகலக்ஷ்மி கணவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் பின்வாங்கிவிடும் என்று தெரியும். அதனால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தாள். அவர் வராவிட்டால் தனியாகப் போவது என்று முடிவு செய்தாயிற்று. அது இதுவரை அவள் எடுக்காத முடிவு.

சந்து திரும்புகிற இடத்தில் பின்னால் ஓட்டமும் நடையுமாக ஒரு சத்தம். ராமசுப்ரமணியன் மூச்சு வாங்க வந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டார். நெடுஞ்செழியனிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாரோ, அவர் சொல்லவில்லை, இவள் கேட்கவும் இல்லை.

"என் ஸாக்ஸையாவது போட்டுக்கோயேன்."

"கார்த்தாலேர்ந்து போட்டுண்டிருக்கற ஸாக்ஸா? எனக்குக் காலே போதும்."

தூரத்திலிருந்து நெடுஞ்செழியன் குரல் துரத்திக்கொண்டு வந்தது. "டீச்சர், அஞ்சு மணிக்குக் கப்பல்ல இருக்கணும். டாக்ஸி புடிச்சாவது வந்துருங்க."

கப்பலைப் பிடித்தார்களா என்று கவலைப்படுகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: பிடித்தார்கள். கதை அதில் இல்லை.

பாலம் வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், படகுகள், காற்று. எதிர்க்கரையில் மூன்று கிரீடக் கோபுரம் அடிக்கு அடி வளர்ந்துகொண்டே வந்தது. நாகலக்ஷ்மி நடையை ஓட்டமாக்கினாள். ஸ்வீடன்காரர்கள் அவள் காலைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி வானத்தைப் பார்த்தார்கள். சைக்கிளில் அப்பா பின்னால் உட்கார்ந்து போன ஒரு குழந்தை மட்டும் விரல் நீட்டிச் சிரித்தது. இவளும் சிரித்துக் கையசைத்தாள். டெக்ஸஸில் பக்கத்துக் கடைக்குக்கூடக் காரில் போகிற மனுஷி, ஐரோப்பாவின் நடுத்தெருவில் செருப்பில்லாமல் ஓடுகிறாள். உள்ளங்கால் எரிந்தது. மனசு பறந்தது.

நகரசபை முற்றத்தில் ஆங்கிலக் குழு கூடியிருந்தது. நரைத்த கூந்தலை உச்சியில் முடிந்த வழிகாட்டி அம்மாள் டிக்கெட்டைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். நாகலக்ஷ்மி ஒரே மூச்சில் தேவாலயக் கதையைச் சொல்லி முடித்தாள். உள்ளே விடமாட்டேன் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

"எங்கள் வீடுகளிலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம்," என்றாள் வழிகாட்டி. "தேவாலயத்துக்குக் கழற்றியவரை இப்போதுதான் பார்க்கிறேன். வாருங்கள்."

கதவு திறந்தது. நீல மண்டபம்.

மண்டபம் நீலமே இல்லை. நாலு பக்கமும் சிவப்புச் செங்கல். மேலே ஜன்னல் வரிசை வழியாக வெயில் சாய்ந்து விழுந்தது. கூட்டத்தில் சிலர் முகம் சுருங்கிற்று. "இதை ஏன் நீல மண்டபம் என்கிறோம், யாருக்காவது தெரியுமா?" என்று வழிகாட்டி கேட்டாள். நாகலக்ஷ்மியின் கை முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி சரேலென்று மேலே போனது.

"கையைக் கீழ போடு," என்று கணவர் கிசுகிசுத்தார்.

அவள் போடவில்லை. கட்டியவர் நீலம் பூசத்தான் நினைத்தார், செங்கல்லின் அழகைப் பார்த்துவிட்டு மனசு மாறினார், பெயர் மட்டும் தங்கிவிட்டது என்று சொல்லி முடித்தாள். "நீங்கள் டீச்சரா?" என்று கேட்டாள் வழிகாட்டி. ஆமாம் என்றதும், "தெரிகிறது," என்று சிரித்தாள்.

மேலே உறுப்பினர்கள் கூடும் மன்றம். கூரை கவிழ்த்துவைத்த மரக்கப்பல் மாதிரி இருந்தது. அடுத்து தங்க மண்டபம். சுவர் பூராவும் தங்கச் சில்லுகள், லட்சக்கணக்கில். நாகலக்ஷ்மி வாயைத் திறந்தவள் மூடவில்லை. ஒரு சுவரில் உயரக் கணக்குத் தப்பிப்போய், ஒரு உருவத்துக்குத் தலை வைக்க இடமில்லாமல் போய்விட்டதாம். "அளவு எழுதாம வரைஞ்சா இப்படித்தான். ரெண்டு மார்க் கொறச்சிருப்பேன்," என்று கணவரிடம் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. அவரும் அந்தச் சுவரை விட்டு நகர மனசில்லாமல்தான் நின்றார்.

அங்கிருந்து வெளியே வந்தால் படி.

கட்டியவர் தன் மனைவிக்கு நீள கவுன் போட்டுவிட்டு இதில் ஏறி இறங்கச் சொல்லி, எந்த உயரம் வைத்தால் கால் இடறாது என்று பார்த்துப் பார்த்து அமைத்தாராம். இறங்குகிறவர்கள் குனியக் கூடாது. எதிர்ச் சுவரில் ஒரு நட்சத்திரம் செதுக்கியிருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே இறங்கினால் தலை நிமிர்ந்திருக்கும். இதையெல்லாம் சொல்லிவிட்டு வழிகாட்டி முன்னால் இறங்கிக் கீழே போய் நின்றுகொண்டாள். இன்றைக்கு எல்லாருக்கும் பரிசு உண்டு, ஒவ்வொருவராக வாருங்கள், என்ன பரிசு என்று சொல்லுங்கள், நான் அறிவிக்கிறேன் என்றாள். ராமசுப்ரமணியனும் வீடியோ எடுப்பதற்காகக் கீழே போய்விட்டார்.

ஓஹாயோக்காரப் பெண்மணி ஒருத்தி, இந்த மனுஷரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதற்காக அமைதிப் பரிசு என்று சொல்லி இறங்கினாள். கொல்லென்று சிரிப்பு. ஒரு சின்னப் பெண் ஐஸ்க்ரீம் பரிசு என்றாள். அதையும் வழிகாட்டி மரியாதையாக அறிவித்தாள்.

நாகலக்ஷ்மியின் முறை வந்தது.

"உங்களுக்கு எதற்கு, மேடம்?" என்று கீழிருந்து குரல் வந்தது.

சும்மா விளையாட்டு. ஒரு வார்த்தை சொன்னால் போதும். வகுப்பில் நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தை. அது வரவில்லை. வாயைத் திறந்தால் வார்த்தைக்குப் பதிலாக அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஜர்னல் ஸ்கொயர் ஜன்னலில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் இத்தனை வருஷம் கழித்து அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டாள். காலுக்கடியில் கல் ஜில்லென்று இருந்தது. கீழே அத்தனை முகங்களும் அவளைப் பார்த்துக் காத்திருந்தன. சிலர் பாவம் கூச்சப்படுகிறாள் என்று புன்னகைத்தார்கள்.

"பிசிக்ஸ்."

சொன்னது அவள் இல்லை. கீழே ராமசுப்ரமணியன் போனை இறக்கிவிட்டிருந்தார். பொங்கல் விழா மைக்கைக் கண்டாலே ஒதுங்குகிறவர், முன்பின் தெரியாத நாற்பது பேர் நடுவில், ஆங்கிலத்தில், வழிகாட்டியைப் பார்த்துப் பேசினார். செங்கல் மண்டபம் அவர் குரலை வாங்கிப் பெரிதாக்கிற்று.

"பிசிக்ஸ், மேடம். தொண்ணூற்றைந்தில் பெங்களூரில் இவளுக்கு பிஎச்.டி. சீட் கிடைத்தது. சூப்பர்கண்டக்டரில் ஆராய்ச்சி செய்ய வேண்டியவள். எனக்கு விசா வந்தது, அதனால் என்னோடு வந்துவிட்டாள்."

யாரும் சிரிக்கவில்லை. வழிகாட்டி அவரைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், முதுகை நிமிர்த்திக்கொண்டாள். "பெயர்?" என்று மெதுவாகக் கேட்டாள். அவர் சொன்னார். அந்த நீளப் பெயரை அவள் தட்டுத் தடுமாறி, ஆனால் ஓர் எழுத்தையும் விடாமல், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தாள். பிசிக்ஸுக்காக, டெக்ஸஸ் மாநிலம் கேட்டியிலிருந்து.

நாகலக்ஷ்மி இறங்கினாள். நட்சத்திரத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அவள் கீழே நின்ற மனுஷரையே பார்த்துக்கொண்டு இறங்கினாள். கண் நிறைந்து அவரும் தெளிவாகத் தெரியவில்லை. ஆனாலும் ஒரு படிகூட இடறவில்லை. கைதட்டல் எங்கேயோ மழை பெய்கிற மாதிரிக் கேட்டது. இவ்வளவு சந்தோஷத்தை அவள் தாங்கிப் பழகியதில்லை.

"நீங்க மறந்துட்டேள்னுதான் நெனச்சிண்டிருந்தேன்," என்றாள்.

"அதை எப்படிடீ மறப்பேன்?" அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். "வீடியோ எடுக்கலை, நாகு. பேச ஆரம்பிச்சதுல கையை எறக்கிட்டேன். தரைதான் விழுந்திருக்கு."

"போறது போங்கோ. கப்பலுக்கு நாழியாறது."

"ஆகட்டும். நீ இன்னொரு தடவை ஏறிட்டு வா. நான் இங்கேயே நிக்கறேன்."

நாகலக்ஷ்மி வழிகாட்டியைப் பார்த்தாள். வழிகாட்டி ஒதுங்கி வழிவிட்டாள். பையைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, நாகலக்ஷ்மி மறுபடி மேலே ஓடினாள்.